உக்குவளைச் சரிவில் கினிக்கோழிகள்

நானா,

இன்று காலை கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் தீனிக் கடையைக் கடந்தேன். வாசலில் ஒரு மூட்டை அவிழ்ந்து கிடந்தது. நொய்யும் கருவாட்டுத் தூளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாடை அது. உங்களை அடக்கம் செய்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது.

நான் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர். நீங்கள் மிளகும் கராம்பும் வாங்கி விற்றீர்கள். நம்மைச் சேர்த்து வைத்தது உங்களுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி. எழுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உங்கள் பழைய வேனில் பல்லேகமப் பக்கத்து அரசாங்கக் காட்டுக்குப் போய்விடுவோம். காட்டுச் சேவல் இடப்பக்கம் கூவும். நாம் இடப்பக்கம் பதுங்கினால் வலப்பக்கத்திலிருந்து விருட்டென்று கிளம்பும். ஒரு சருகு நொறுங்கினால் போதும், அன்றைய பொழுது முடிந்தது. தப்பித்தவறி ஒன்று விழுந்தாலும் உங்களுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் நீங்கள் சாப்பிடுவீர்கள். கத்தியை எடுத்துக்கொண்டு முள்ளுக்குள் ஓடுவீர்கள். போய்ச் சேர்வதற்குள் பறவையின் உயிர் அடங்கியிருக்கும். "இந்தாங்க தம்பி, இதுவும் ஒங்க வீட்டுக்குத்தான்" என்று முகத்தைத் தொங்கப்போட்டு நீட்டுவீர்கள். என் மனைவி அதைக் குழம்பு வைக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துச் சிரிப்பாள்.

பிறகு உங்களுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த கொக்கோச் சரிவை வாங்கி, வலை அடித்து, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட கினிக்கோழிகளை வளர்த்தீர்கள். கொழும்பிலிருந்து காசு கட்டி வருகிறவர்களுக்குச் சரிவில் திறந்துவிட்டுச் சுடக் கொடுப்பது உங்கள் திட்டம். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"கையில தின்ன கோழியச் சுடுறது வேட்டையா நானா?"

"காட்டுல சுட்டதுல நான் எத்தன தின்னேன், சொல்லுங்க பாப்பம்" என்றீர்கள். "இங்க விழுந்தா பக்கத்துலயே நான் நிக்கிறேன். ஒண்ணும் வீணாப் போகாது."

முதல் வேட்டை நாளை மறக்க முடியுமா? நீங்கள் வலையைத் திறந்தீர்கள். கோழிகள் பறக்கவில்லை. வரிசையாக நடந்து வந்து, வேலியோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் காலடியில் நின்றன. நீங்கள் வியாபாரத்துக்குப் போகும் நாட்களில் தீனி போட்டது அவள்தானே. வந்த துரைமார் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார்கள். நான் ஒரு வாரம் உங்களை விடவில்லை. நீங்களும் அசரவில்லை. அவள் குஞ்சுகளுக்கு மட்டும் தீனி போட்டால் போதும், வளர்ந்த பிறகு சரிவுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆளை வைத்து விரட்டிப் பறக்கப் பழக்கினீர்கள். அடுத்த வருஷமே ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் எண்பத்து மூன்று ஜூலை வந்தது. மாத்தளைப் பக்கம் தமிழர் கடைகள் எரிந்து புகை எழுந்ததை முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சரிவிலிருந்து ஓடி வந்தீர்கள்.

"தங்கச்சி, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேல வாங்க. சாமான் ஒண்ணும் எடுக்க வேணாம்."

வலைக்குப் பின்னால் இருந்த தீனி அறையில் எங்கள் நாலு பேரையும் வைத்துப் பூட்டினீர்கள். புது ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும் பறவைகள் அவை. ஆனால் குஞ்சில் தீனி போட்ட என் மனைவியை அவை மறந்திருக்கவில்லை. மெதுவாக இரண்டு தரம் கொக்கரித்துவிட்டு அடங்கின. பிற்பகல் முழுவதும் அமைதி. பிறகு அத்தனையும் ஒரே நேரத்தில் வீரிட்டன. கீழ்ப் பாதையில் ஆட்கள் ஏறி வருகிறார்கள் என்று அவர்கள் கண்ணில் படுமுன்பே நமக்குத் தெரிந்துவிட்டது.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பொல்லும் கத்தியுமாக வந்தார்கள். கிளாக்கர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். காலையிலேயே ரயிலேறிப் போய்விட்டார்கள் என்று நீங்களும் சிங்களத்திலேயே சொன்னீர்கள், குரல் நடுங்காமல். ஒருவன் நம்பவில்லை. தீனி அறையைப் பார்த்து நடந்தான். நான் பிள்ளையின் வாயைப் பொத்தினேன்.

நீங்கள் அவனைத் தடுக்கவில்லை. நேரே போய் வலைக் கதவை முழுவதும் திறந்துவிட்டீர்கள். "இவ்வளவு தூரம் ஏறி வந்துட்டு வெறுங்கையோடயா போறீங்க? புடிச்சிக்கிட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அந்தப் பருவத்துக்கென்று வளர்த்த அத்தனை கோழிகளும் சரிவில் சிதறி ஓடின. அறையை நோக்கி வந்தவனும் திரும்பி அவற்றின் பின்னால் பாய்ந்தான். அவர்கள் கத்திக்கொண்டும் விழுந்து எழுந்துகொண்டும் துரத்தித் துரத்திக் கீழே இறங்கிப் போனார்கள். போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். ஆனால் மேலே திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை வேனில் கராம்பு மூட்டைகளுக்கு நடுவில் எங்களைப் படுக்க வைத்து அகதி முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். "ஒங்க கோழியெல்லாம் போச்சே நானா" என்றேன்.

"கோழி பொரிக்கும் தம்பி. ஆள் பொரிக்குமா?" என்றீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி நீங்கள் பேசியதே இல்லை.

மச்சான் இந்தியாவுக்குக் கூப்பிட்டார். நான் உக்குவளைக்கே திரும்பினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சரிவைக் காட்டினேன். அதன் பிறகு பொலிஸார் உங்கள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வேட்டையும் முடிந்தன. நம் சண்டை மட்டும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீங்கள் விடவில்லை. நானும் விடவில்லை. இப்போதும் சொல்கிறேன்: வளர்த்த கோழியைச் சுடுவது வேட்டை இல்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. எண்பத்தொன்பதில், கிளர்ச்சிக்காரர்கள் என்று சந்தேகப்பட்டு இராணுவம் சிங்களப் பையன்களைத் தேடித் தேடிப் பிடித்த நாட்களில், பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டரின் தாய் விடிந்ததும் என் கதவைத் தட்டினாள். "மகனைத் தேடுறாங்க" என்று மட்டும் சொன்னாள். அவனைத் தோட்டத்துக் கொக்கோ ஸ்டோரில் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். ஆட்கள் வந்து கேட்டபோது, பார்க்கவில்லை என்றேன். இன்று அவனுக்குச் சொந்தமாக பஸ் இருக்கிறது. பல்லேபொல வழியில் ஓடுகிறது.

அன்று இரவு மனைவி கேட்டாள், "கதவத் தெறக்கிறதுக்கு முந்தி கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை நானா. அந்த யோசனையை எனக்கும் சேர்த்து நீங்கள் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தீர்கள்.