உங்கப்பா வேகவைத்த ஃபில்டர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், உங்கப்பாவின் முழங்கால் வலியும் அவரை விட்டுப் பிரிய மனசில்லாமல் சுகமாகவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லுவாய், எனக்கும் சுருக்கென்று கோபம் வரும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து மாதிரியா இருக்கு, அச்சடிச்ச மாதிரி இருக்கு என்று மாடி வீட்டு டைலர் பெண் சொன்னாள், அவள்தான் இதைப் போட்டோ எடுத்து உனக்கு இப்போதே அனுப்பப் போகிறாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் பெண் சிட்டு இன்று காலை மலைக்குக் கிளம்பிவிட்டாள். நான்தான் அனுப்பினேன். திட்டுவதானால் என்னைத் திட்டு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

போன வருஷம் காலேஜ் சுற்றுலாவில் கண்ட குழாயிலும் தண்ணீர் குடித்து அவள் டைபாய்டில் கிடந்ததும், நீ அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததும் எனக்கு மறக்கவில்லை. மலைக்குப் போனால் என் முகத்திலேயே முழிக்காதே, என்னோட பேசாதே என்று நீ போனில் கத்தினது அந்த பயத்தில்தான் என்று அவளுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, பாட்டி, என்னோட கடைக்கு வர்றியா, தண்ணி சுத்தம் பண்ற சாமான் வாங்கணும், உனக்கு நம்பிக்கை வந்தா போறேன், வரலேன்னா பையை அவுத்து வச்சுடறேன் என்றாள். இப்படிக் கேட்டால் நான் என்ன செய்ய, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கூடாரம், பூட்ஸ், கயிறு என்று மலை ஏறுகிறவர்களுக்கான சாமான் விற்கிற கடை அது. கடைக்காரப் பெண்ணே மலை ஏறுகிறவளாம், முட்டியெல்லாம் தழும்பு. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். ஒன்று பேனா மாதிரி, தண்ணீருக்குள் விட்டு விளக்கைப் போட்டு ஆட்டினால் கிருமி செத்துவிடுமாம், ஆனால் கலங்கல் தண்ணீரானால் பலிக்காது, பேட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. இன்னொன்று உறிஞ்சு குழல், ஓடைக்கரையில் குப்புறப் படுத்து ஆட்டுக்குட்டி மாதிரி உறிஞ்ச வேண்டும், பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. எனக்குப் பிடித்தது கைப்பிடி வைத்த பெரிய பம்புதான், பார்க்கவே பாந்தமாக இருந்தது, தூக்கிப் பார்த்தால் அம்மிக்குழவி கனம். சிட்டு சிரித்துவிட்டாள், பாட்டி, நான் மலை ஏறப் போறேன், போர்வெல் போடவா போறேன் என்று. கடைசியில் அவள் எடுத்தது என் உள்ளங்கை நீளம்தான். ஒரு பையில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து அதன் வாயில் இதைத் திருகிப் பிழிய வேண்டும், உள்ளே தலைமுடி மாதிரி சன்னக் குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கிறதாம், தண்ணீர் இறங்கும், டைபாய்டு கிருமி இறங்காது. ஜனங்கள் புழங்குகிற இடத்துத் தண்ணீரானால் கூடவே குளோரின் மாத்திரையும் போடுங்கள் என்றாள் அந்தப் பெண், அதையும் வாங்கினோம். நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழியும் சொன்னாள், நனைத்துவிட்டு ஒரு பக்கம் வாய் வைத்து ஊதினால் காற்று போகவே கூடாது, போனால் உள்ளே உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நேற்று சிட்டு தோழி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில்தான் உங்கப்பா தன் வேலையைக் காட்டினார். உனக்குத் தெரியாதா, ஆபரேஷன் தியேட்டரில் கத்தியும் கத்தரியும் வேகவைத்தே ரிட்டயர் ஆன மனுஷன், கொதிக்காத பொருள் எதுவும் அவருக்குச் சுத்தமில்லை. புதுச் சாமான் ஆச்சே, எத்தனை பேர் கை பட்டதோ என்று அந்த ஃபில்டரைப் பாத்திரத்தில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இடுக்கியால் எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி வைத்துவிட்டார். போதாக்குறைக்குத் தண்ணீர் விட்டுப் பார்த்து, பாரு, இப்போ எவ்வளவு வேகமா வருது, அடைப்பெல்லாம் போயிடுச்சு என்று என்னைக் கூப்பிட்டு வேறு காட்டினார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன், எனக்கு மட்டும் என்ன தெரியும்.

சாயங்காலம் சிட்டு வந்தாள், பையில் வைக்கும் முன் அதை நனைத்து ஊதினாள். காற்று புஸ்ஸென்று போய்விட்டது. இன்னொரு தடவை ஊதினாள், அதே கதை. தாத்தா, இதை என்ன பண்ணீங்க என்று மெதுவாகத்தான் கேட்டாள். அவர் பெருமையாகச் சொன்னார். நீயாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும், இவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கத்தரிக்கோல்னா சரி தாத்தா, இது உள்ளே பிளாஸ்டிக் நூல், கொதிச்சா சுருங்கி உடைஞ்சிடும் என்றாள். உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இடுக்கியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அப்போ போக வேண்டாம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது. சாக்கு தானாக வந்து மடியில் விழுந்தது, உனக்கும் நல்லவளாகிவிடலாம், அவளுக்கும் கெட்டவளாக வேண்டாம்.

வாயைத் திறக்கப் போனேன், அவள் முந்திக்கொண்டாள். பாட்டி, கெட்டுப் போச்சுன்னு மலையில போய்க் குடிச்சப்புறமா தெரிஞ்சுது, இங்கேயே தெரிஞ்சுதுல்ல என்றாள். தாத்தா கையால் வந்தது, புதுசு, வேகமாகத் தண்ணீர் வேறு விழுகிறது, இருந்தும் ஊதிப் பார்க்காமல் அதைப் பையில் வைக்கவில்லை பார். போன வருஷம் கண்ட குழாயிலும் வாய் வைத்த பெண்ணா இவள். இதற்கு மேல் எந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்து எனக்கு நம்பிக்கை வர வேண்டும், சொல்லு. கிளம்பு, கடை மூடுவதற்குள் போகலாம் என்றேன்.

உங்கப்பாவும் கூடவே வந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. அந்த மாதிரி ஃபில்டர் தீர்ந்துவிட்டது, உள்ளே அதே சன்னக் குழாய்கள் வைத்த பாட்டில் ஒன்று இருந்தது. சிட்டு கடையிலேயே நனைத்து, கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினாள், ஒரு பொட்டு காற்று போகவில்லை. உங்கப்பா நானும் பார்க்கிறேன் என்று வாங்கி ஊதினார், மூச்சு முட்டியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை, அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. என் பேத்தி என்று கடைக்காரப் பெண்ணிடம் நான் அவள் கேட்காமலேயே சொன்னேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரியில் கண் விழித்து வேலை செய்யாதே. அப்பாவிடம் பேசும்போது இந்த விஷயத்தைக் கிளறாதே, பாவம், அடுப்புப் பக்கமே வராமல் சுற்றுகிறார். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. பஸ் ஏறும்போது சிட்டு சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி சிக்னல் கிடைச்சதும் முதல் போன் அம்மாவுக்குத்தான், எடுப்பாளா தெரியல என்று. எடுப்பாள் என்று நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்
அம்மா