வளையல் பார்சல்

கல்கத்தா,
2.12.1974

அன்புள்ள அக்காவுக்கு,

வளைகாப்புக்கென்று நீ அனுப்பிய கண்ணாடி வளையல்கள் நேற்று வந்தன. இரண்டு டஜனில் ஒன்றுகூட உடையவில்லை. உடைந்தே வந்திருந்தால் தேவலை.

யாரைக் கேட்டு அனுப்பினாய்? துர்கா பூஜை போட்டோவில் என் முகம் உப்பியிருந்ததைப் பார்த்து நீயே முடிவு கட்டிவிட்டாயா? அது ஸ்டீராய்டு மாத்திரை செய்யும் வேலை. எனக்கு லூபஸ் என்று நான்கு கடிதம் எழுதிவிட்டேன். கிருமியோடு சண்டை போட வேண்டிய சக்தி, என் மூட்டையும் சிறுநீரகத்தையுமே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. இதற்கு மேல் எப்படி எழுதுவது?

இங்கே நம்மவர்கள் கடை வைத்திருக்கும் லேக் மார்க்கெட்டிலும் இதே தொல்லை. "முகமே சொல்றதே, எத்தனை மாசம்?" என்கிறாள் மளிகைக் கடை மாமி. சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நோய் அடங்கும்வரை குழந்தைப் பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஊரில் யார் யாரிடம் சொன்னாயோ, அவர்களிடமெல்லாம் நீயே போய் இல்லை என்று சொல்.

வளையல்களைத் திருப்பி அனுப்பவில்லை. கையில் சோப்பு தடவிக்கூடப் போட்டுப் பார்த்தேன். வீங்கிய விரல் மூட்டுகளைத் தாண்டவில்லை.

இனி அனுப்பினால் ஒரு சுற்றுப் பெரிதாக அனுப்பு.

உன் தங்கை