அப்பாவின் வெள்ளி டாலர்களை விற்றுவிட்டேன்

அப்பா, என் பிடிவாதக்கார அப்பா,

உங்கள் செல்வி எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆசையோ, இன்றைக்கு அவ்வளவு ஆத்திரம். நீங்கள் போய்ப் பதினாலு மாதமாக ஆசையைச் சொல்லிச் சொல்லி அழுதாயிற்று. இனிமேல் ஆத்திரத்தின் முறை. குறுக்கே பேசாமல் கேளுங்கள். உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட நீங்கள் அப்படிக் கேட்டதில்லை.

தாமுவே சந்தையில் என் தையல் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையிலேயே கரண்டு போய்விட்டது, இனி சாயங்காலம்தான் வரும். மோட்டார் மெஷின் சும்மா கிடக்கிறது. கால் மெஷினை மிதிக்கலாம் என்றால் இன்றைக்கு எனக்கு இருக்கிற கோபத்தில் ஊசி உடைந்துவிடும் போலிருக்கிறது. அதனால் பேனாவை எடுத்தேன்.

வீட்டு விஷயத்தை ஏன் ஊர் படிக்க எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஊர்தானே அப்பா கேட்கிறது? கோவில் பக்கம் போனால் இன்னும் யாராவது ஒருத்தர் என்னைப் பிடித்து நிறுத்தாமல் விடுவதில்லை. "உங்கப்பா கப்பல்ல இருந்து கொண்டாந்த வெள்ளி டாலரெல்லாம் பத்திரமா இருக்கா? ஒண்ணொண்ணும் ஒரு வீடு பெறுமாமே!" என்கிறார்கள். வீடாம் வீடு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

முப்பத்திரண்டு டாலர். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் அடித்தது, ஒரு பக்கம் பெண் முகம், மறுபக்கம் கழுகு. கப்பலின் இஞ்சின் அறையில் வெந்து சம்பாதித்த காசில், போன துறைமுகத்தில் எல்லாம் தேடித் தேடி வாங்கினீர்கள். மற்றவர்கள் பெண்டாட்டிக்குச் சேலை வாங்கினார்கள், டேப்ரிக்கார்டர் வாங்கினார்கள். நீங்கள் லீவில் வந்தால் பையிலிருந்து வெளியே வருவது டாலர்தான். அதை பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

எங்கேயோ ஒரு துறைமுகத்தில் எவனோ செம்பின் மேல் வெள்ளி பூசின காசை உங்கள் தலையில் கட்டிவிட்டான். அன்றிலிருந்து உங்களுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. கையில் இருந்ததற்கும் சரி, பிறகு வாங்கினதற்கும் சரி, ஒவ்வொரு டாலரின் ஓரத்திலும் அரத்தால் ஒரு வெட்டு. உள்ளேயும் வெள்ளைதான் என்று பார்த்த பிறகுதான் உங்களுக்குச் சோறு இறங்கும். என்னையும் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். "பாத்தியா செல்வி, உள்ளயும் வெள்ளி. நம்மள ஒருத்தனும் ஏமாத்த முடியாது." நானும் பெருமையாகத் தலையாட்டினேன். என்னத்தைச் சொல்ல.

இப்போது அந்த மழைக்கால விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவின் இடது கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது, ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா உங்களிடம் எதையும் கேட்காதவள். அன்றைக்குக் கேட்டாள். "டாலர் கொஞ்சம் வித்தா ஆகாதா?" என்றாள், பர்மிய வீட்டில் பிறந்தவள் ஆயிற்றே, அவளுக்குத் தெரிந்த தமிழில்.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்? எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "இப்ப வித்தா எடைக்குத்தான் எடுப்பான் மியா. இதெல்லாம் பழைய காசு. சேத்து வைக்கிற ஆளு ஒருத்தன் வருவான், ஆனைவிலை குடுப்பான். வெள்ளியும் ஏறப்போகுது. கொஞ்சம் பொறு."

"யபாதே" என்றாள் அம்மா. பரவாயில்லையாம். அவள் வாயில் அந்த ஒரு வார்த்தைதானே எப்போதும்! உப்பு இல்லாவிட்டாலும் யபாதே, நீங்கள் ஒரு வருஷம் கப்பலிலிருந்து வராவிட்டாலும் யபாதே. பொறுத்தாள். நாலாவது மாதம் இடது கண் முழுசாகப் போய்விட்டது. பிறகு நீங்கள் அவள் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைத்தீர்கள், மீன் முள்ளை எடுத்து ஊட்டினீர்கள். தாகேதாவில் எங்கள் தெருவே பார்த்து மெச்சியது. நானும் மெச்சினேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது வலது கண்ணிலும் அதே அழுத்தம். போன மாதம் தெரிந்தது. இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை, டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேற்று லான்மடா கடைத்தெருவுக்குப் போனேன். எந்தக் கடைக்கு என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் கொள்ளைக்காரன் என்று பெயர் வைத்து, அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது என்று சொன்னீர்களே, அந்தப் பழைய காசு வியாபாரி காசிம் பாய் கடைக்கு. நகைக் கடைக்காரர்கள் எல்லாரும் பழைய காசா, வேண்டாம் என்று கையை விரித்த பிறகு வேறு எங்கே போவேன்?

பாய் நரைத்துப் போயிருந்தார். நான் யார் மகள் என்று சொன்னதும் எழுந்து நின்று ஸ்டூலை எடுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். பிறகு ஒவ்வொரு காசாகக் கண்ணாடி மேல் தட்டிப் பார்த்து, தராசில் வைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று.

"மாஷா அல்லா, ஒண்ணுகூட போலி இல்ல தங்கச்சி. ஊர்ல இருக்கற வெள்ளி டாலர்ல பாதி போலி. உங்கப்பா கெட்டிக்காரரு" என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது. பிறகு ஒரு காசை எடுத்து ஓரத்தைக் காட்டினார். "ஆனா சேத்து வைக்கறவன் இதத் தொடமாட்டான். அவனுக்குக் கீறல் விழுந்தாலே ஆகாது, இதுல அரமே வச்சிருக்காரு. இனி இதுக்குக் காசுன்னு விலை இல்ல, வெள்ளின்னுதான் விலை. எடைக்கு எடுத்துக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்கப்பா உங்களப் பத்தி சொன்னது சரியாப் போச்சு பாய்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆறு வருஷம் முன்னாடி அவரு இதே ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. இதே பேச்சத்தான் சொன்னேன். அன்னிக்கி எந்திரிச்சுப் போனவருதான், திரும்ப வரல" என்றார்.

ஆறு வருஷம் அப்பா! அம்மா உங்களிடம் கேட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஆனைவிலை கொடுக்கிறவன் வரவே மாட்டான் என்று தெரிந்துகொண்டே அவளைப் பொறு என்றீர்களா? இல்லை, பாய் பொய் சொல்கிறார் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு நம்பினீர்களா? எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

பாய் இன்னொன்றும் சொன்னார். கோவில் வாசலில் என்னை நிறுத்திக் கேட்கிறவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளட்டும். "சேத்து வைக்கறதுன்னா கை படாம வைக்கணும் தங்கச்சி. எது அபூர்வம், எது சாதான்னு படிச்சுத் தெரிஞ்சுக்கணும். அதெல்லாம் முடியாதா, எடைக்கு வாங்கி எடைக்கு வைக்கலாம், அதுவும் நல்லதுதான், நம்ம நோட்டு மாதிரி ராவோட ராவா மதிப்பு போயிடாது. ஆனா வீட்ல ஒரு கஷ்டம் வந்தா எடுத்து வித்துடணும். அதுக்குத்தானே வைக்கறது?" நீங்கள் எடைக்கு வாங்கினவர் மாதிரி வெட்டினீர்கள், சேர்த்து வைக்கிறவர் மாதிரி விற்க மாட்டேன் என்றீர்கள். இரண்டு வழியிலும் பாதி பாதி நடந்தால் எங்கே போய்ச் சேருவது?

அதோடு விட்டாரா? டப்பாவைத் துழாவிவிட்டு, "அது எங்க? அந்த வெட்டாதது?" என்று கேட்டார்.

எது பாய் என்றேன். கழுகின் வாலுக்குக் கீழே இரண்டு சின்ன எழுத்து இருக்குமாம், அந்த எழுத்து போட்டு அடித்தது உலகத்தில் கொஞ்சம்தானாம். "அது அவரு கடைசியா வாங்கினது, இன்னும் வெட்டாம இருந்துச்சு. இதுல மட்டும் அரம் வைக்காதீங்கண்ணேன்னு கையப் புடிச்சுக் கேட்டேன். கேட்டாரு. வெளிநாட்டு ஆளு ஒருத்தரு ரெடியா இருந்தாரு, மத்த எல்லாத்தையும் சேத்தாலும் அந்த ஒண்ணுக்கு ஈடாகாது, குடுங்கன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு" என்றார்.

அது எங்கே என்று உங்களுக்குத் தெரியும் அப்பா. உங்களோடுதான் போனது.

நீங்கள் போன அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? கோவில் ஆட்கள் நெற்றிக்காசு கொண்டா என்றார்கள். அம்மாவின் தங்கச்சி, ஆற்றைத் தாண்டப் படகுக்கூலி வாயில் வைக்க வேண்டும், அதுதான் எங்கள் முறை என்று நின்றாள். உங்கள் தலைமாட்டிலேயே சண்டை. கடைசியில் ஒரே காசு, நெற்றியில் வைத்தால் இரண்டுக்கும் ஆகும் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் காசுக்கு எங்கே போவது? இந்த ஊரில் யார் கையில் காசு இருக்கிறது? பிச்சை போடுவதும் நோட்டுதான். பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் கேட்டுவிட்டு உங்கள் டப்பாவைத் திறந்தேன்.

எல்லாவற்றிலும் வெட்டு. செத்த மனிதர் நெற்றியில் வெட்டுப்பட்ட காசை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒன்று மட்டும் வெட்டு இல்லாமல், தாளில் தனியாகச் சுற்றி இருந்தது. அழகாக இருக்கிறதே, அப்பாவுக்கு இதுதான் பொருத்தம் என்று எடுத்து வந்து, சந்தனம் குழைத்து நானே ஒட்டினேன். அதோடு உங்களைச் சுடுகாட்டு அடுப்புக்குள்ளே அனுப்பினேன். உருகியதோ, யார் கையில் ஏறியதோ, தெரியாது.

சொன்னதும் பாய், "இன்னா லில்லாஹி" என்று சொல்லிவிட்டு லென்ஸைக் கீழே வைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன், கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடப் பாவி மனுஷா, அந்தத் தாளில் ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்று பயந்தீர்களே, பெற்ற மகளும் அந்த எல்லாரில் சேர்த்தியா?

சரி, அது போகட்டும். போய்விட்டது. என் ஆத்திரம் அதற்கு இல்லை.

மனசு கேட்காமல் பாயிடம் ஒன்று கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், வெள்ளி இவ்வளவு ஏறாத காலத்தில், வெட்டுப்பட்ட இந்தக் காசுகளை எடைக்குப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த ஆபரேஷனுக்கு டாக்டர் கேட்ட தொகை எனக்கு மனப்பாடம். இருபத்தைந்து காசு போட்டிருந்தால் போதும் அப்பா. அபூர்வக் காசு வேண்டாம், ஆனைவிலை வேண்டாம். கட்டிலுக்கு அடியில் அம்மாவின் கண் இருந்தது, நீங்கள் அதன் மேலே படுத்துத் தூங்கினீர்கள்.

வெள்ளி ஏறும் என்றீர்களே, ஏறிவிட்டது. அதில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சந்தோஷமா?

விற்றேன். பாய் நியாயமான விலைதான் கொடுத்தார், டீக்குக் காசும் வாங்கவில்லை. வரும் வியாழக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன், பணம் கட்டியாயிற்று. இருக்கிற பார்வை தங்கும் என்கிறார் டாக்டர். சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் என்னால் அடக்க முடியவில்லை. பாய் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னது, இருபத்தைந்து காசில் முடிந்திருக்கும் என்பது, எல்லாம். யபாதே என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சொன்னால் கத்திவிடுவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

"அமலே!" என்றாள், ஐயோ அம்மா என்று அவள் பாஷையில். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "நான் யபாதே சொன்னேன், யபாதே சொன்னேன், உள்ள எரிஞ்சிச்சு தமீ. அந்த ஆளுக்கு என் கண்ணு தெரியல, டாலரு தெரிஞ்சிச்சு. நான் கேட்டது ஒரு தடவ. நாப்பது வருஷத்துல ஒரு தடவ!" தமீ, மகளே என்று என்னைக் கூப்பிட்டாலும் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், முகம் சரியாகத் தெரிகிறதோ இல்லையோ. நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை.

பிறகு கேட்டாள். "எத்தினி வித்த?"

"எல்லாம்மா."

"எத்தினி?"

"முப்பது."

"அவரு கூட ஒண்ணு போச்சு. மிச்சம் முப்பத்தொண்ணு. எனக்குத் தெரியும்."

பர்சிலிருந்து எடுத்துக் காட்டினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. இவ்வளவு திட்டிக்கொண்டே உங்கள் காசு ஒன்றைப் பதுக்கி வைத்திருக்கிறேன் பாருங்கள், உங்கள் மகள்தானே. "அப்பா ஞாபகமா ஒண்ணு இருக்கட்டும்னு வச்சேன்மா" என்றேன்.

அவள் அதை வாங்கவில்லை. விரலை எடுத்துத் தன் இடது கண்ணின் மேல் வைத்தாள்.

"அவரு ஞாபகத்துக்கு இது இருக்குல்ல தமீ. இன்னொண்ணு எதுக்கு?"

நாளைக்குக் காலையில் பாய் கடை திறக்கும்போது வாசலில் நிற்பேன் அப்பா. அதையும் தராசில் வைத்துவிடுவேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை அம்மாவின் பக்கம் நிற்கிற
உங்கள் மகள் செல்வி