விலையைச் சொன்ன பிறகு

நெகடிவ் டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தது. பழைய ஃபிலிம் கெட ஆரம்பித்தால் இப்படித்தான், பூஞ்சை பிடித்த ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் வெள்ளைப் புடவை கறுத்துக் கிடந்தது. தலைமுடி வெளிறித் தெரிந்தது. அப்படி முழுக்க நரைக்கிற வயதுவரை நீ இருக்கவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் என் நினைவு வந்ததாம். குற்றம் சொல்ல முடியாது, கடைசி வருடங்களில் நம் இருவரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யார்? வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கல்யாண ஆல்பம் போய்விட்டது, நெகடிவ் இருந்தால் பிரிண்ட் போட்டுத் தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள் என்றார். லேபுக்கு ஆகிறதை மட்டும் கொடுங்கள் என்றேன். என் பங்கை நீ அன்றைக்கே கொடுத்துவிட்டாய் என்பது அவருக்குத் தெரியாது.

மைலாப்பூர் லஸ்ஸில் நாம் வேலை பார்த்த அந்த மாடி ஆபீஸ் இப்போது இல்லை. உன் டைப்ரைட்டரும் என்னுடையதும் அடுத்தடுத்த மேஜைகளில் இருந்தன. நீ சாந்தோமிலிருந்து நடந்தே வருவாய். உன் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பும் நேரத்தில் நீ ஆபீசுக்குக் கிளம்புவாய். நான் பஸ்ஸில் வருவேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணா வீட்டில் இருந்தேன். சம்பளக் கவரை அப்படியே மன்னியிடம் கொடுத்துவிட்டு பஸ் காசைக் கேட்டு வாங்கிக்கொள்கிற வாழ்க்கை. ஒரு தீபாவளி போனஸில் மட்டும் யாரையும் கேட்காமல் பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டேன்.

கேமரா வந்ததும் எல்லோருக்கும் நான் வேண்டியவளாகிவிட்டேன். காது குத்தல், வளைகாப்பு, ஆயுதபூஜை. 'ரோல் செலவு குடுத்துடறோம்மா' என்பார்கள். அக்கவுண்ட்ஸ் பெரியவர் வீட்டு ஆயுஷ்ஹோமத்துக்கு லீவு போட்டுப் போனேன். எவ்வளவு என்று கேட்டதற்கு 'உங்க இஷ்டம் சார்' என்றேன். ஒரு ரவிக்கைத் துண்டும் ரெண்டு சாத்துக்குடியும் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அந்தச் சாத்துக்குடியை உரித்துக்கொண்டே நீ கத்தினாய்.

"ரோலுக்குக் காசு குடுக்கறாங்க. கழுவறதுக்குக் குடுக்கறாங்க. உனக்கு இன்னாடி குடுத்தாங்க? நாள் பூரா நின்ன காலுக்கு?"

"தெரிஞ்சவா. எப்படிக் கேக்கறது?"

"வாயால தான். நான்தான் கஸ்டமர், வா. எங்க வீட்ல விசேஷம் மேடம், எவ்ளோ வாங்குவீங்க?"

"அது வந்து... ரோல் தனி... மத்தபடி நீங்க பாத்து..."

"பாத்தியா! பாத்துக் குடுக்கறவன் கண்ண மூடிக்கினுதான் குடுப்பான். வெலயச் சொல்லு. சொல்லிட்டு வாய மூடிக்கோ. அப்புறம் யாரு மொதல்ல பேசறாங்களோ அவங்களுக்குத்தான் நஷ்டம்."

அன்று சாப்பாட்டு வேளை முழுவதும் எனக்கு ஒரு விலை தேடினோம். லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பதில் ஆரம்பித்தாய். ஆட்டோ, ஃபிளாஷுக்கு பேட்டரி, படம் சரியாக வந்ததா என்று தெரியும்வரை எனக்கு வராத தூக்கம். தூக்கத்துக்குக்கூட விலை வைத்தவள் நீ. 'எனக்கென்ன, நான் என்ன ஸ்டுடியோவா, பொழுதுபோக்குதானே' என்றேன். 'பொழுது உன்னுது, போக்கிக்கறது அவங்க' என்றாய். கடைசியில் ஆயிரத்து ஐந்நூறு, ரோலும் பிரிண்டும் தனி என்று நின்றது. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆனாலும் ராத்திரி படுத்துக்கொண்டு அதையே நினைத்தேன். இப்படிச் சில கல்யாணங்கள் கிடைத்தால் அடையாறு பக்கம் எனக்கென்று ஒரு அறை எடுக்கலாம், கதவை நானே திறந்து நானே சாத்தலாம். அந்த ஆசையை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஆனால் அந்த விலையைக் கேட்க யாரும் வரவில்லை. பழையபடி ரோல் செலவோடு வந்தவர்களிடம் அதைச் சொல்ல என் வாய் எழவில்லை.

பிறகு அந்த மார்கழிச் சாயங்காலம். லஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். எனக்குத் துணைக்குத்தான் நீ அங்கே நிற்பது.

"தை மாசம் கல்யாணம். போட்டோக்கு இன்னா வாங்குவ?"

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான். மாப்ள மஸ்கட்ல ஏசி மெக்கானிக். கல்யாணம் ஆன கையோட கூட்டிக்கினு போறாராம். அத வுடு. எவ்ளோன்னு சொல்லு."

"உன்கிட்டப் போய்க் காசு வாங்குவேனா?"

"ஃப்ரெண்டுக்கு சும்மா எடுத்தேன்னு வெச்சிக்க, அப்புறம் ஊர்ல எல்லாரும் உனக்கு ஃப்ரெண்டுதான். சொல்லுடி."

"ஆயிரத்து ஐந்நூறு," என்றேன். "ரோலும் பிரிண்டும் தனி."

"இன்னாது!" பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. "எங்க தெரு ஸ்டுடியோக்காரன் ஆயிரத்துக்கு ஆல்பத்தோட குடுக்கறான். நீ யாரு, நேத்து பொறந்தவ! ஆயிரம்."

நான் பேசவில்லை.

"சரி, நூறு போட்டுக்கோ."

பேசவில்லை. பஸ் ஒன்று வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

"ஆயிரத்து இருநூறு. எங்கம்மா மேல சத்தியம், அதுக்கு மேல ஒரு பைசா இல்ல."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். பிறகு சிரித்தாயே ஒரு சிரிப்பு! "தேறிட்ட! மீன் மார்க்கெட்ல உக்காந்தாலும் பொழச்சிப்ப," என்று சொல்லிக் கைப்பையிலிருந்து அட்வான்ஸை எடுத்து என் கையில் திணித்தாய்.

விலைக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கடைசிவரை நினைத்திருப்பாய். விலை அப்போது என் நினைவிலேயே இல்லை. மஸ்கட் என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது, அவ்வளவுதான். பேசினால் அழுதுவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்ட விலை எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

உன் கல்யாணத்தன்றே மன்னியின் தங்கைக்கும் கல்யாணம் வைத்தார்கள். நான்தான் போட்டோ என்று அண்ணா என்னைக் கேட்காமலே தன் மாமனார் வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"அன்னிக்கு முடியாது அண்ணா. வேற கல்யாணம் ஒத்துண்டிருக்கேன்."

"யாராத்துக் கல்யாணம்?" என்றாள் மன்னி.

உன் பெயரைச் சொன்னேன்.

"நன்னாருக்கு. ஆத்து மனுஷாளை விட்டுட்டு அங்க போறாளாம். நாளைக்கு யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்வேன்?"

"அட்வான்ஸ் வாங்கிட்டேன், மன்னி."

அண்ணா பேப்பரை மடித்து வைத்தார். "கூலிக்குப் போறவான்னா அப்படித்தான் பேசுவா," என்றார். அதோடு அந்த வீட்டில் என்னோடு பேச்சு நின்றுபோனது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பாட்டை மேடைமேல் மூடி வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள்.

உன் கல்யாணப் படங்கள் நன்றாக வந்திருந்தன. மாதா கோயில் படியில் காற்றில் பறந்த உன் முக்காட்டை உன் அம்மா எட்டிப் பிடிக்கிற படத்தைப் பார்த்துத்தான் எனக்கு அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்ததும். பங்குனியில் அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்தேன். அண்ணா வாசல்வரை வரவில்லை. புது அறையின் கதவை நானே திறந்தேன், நானே சாத்தினேன். சாத்திய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாய்.

கொஞ்ச நாள், அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில், என் வீட்டுச் சொந்தக்காரம்மா போனில் கூப்பிட்டாய். 'இப்ப எவ்ளோடி வாங்கற? ஏத்திட்டியா?' என்பதுதான் உன் முதல் கேள்வி. பிறகு உனக்குக் குழந்தைகள், எனக்கு முகூர்த்தங்கள். பல வருடம் கழித்து நீ வேளச்சேரிக்கு வந்தபோது அடையாறிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அந்தத் தூரத்தைக்கூட நாம் அதிகம் கடக்கவில்லை. உன் உடம்புக்கு முடியாததை நீ என்னிடம் சொல்லவில்லை. நானும் என் சாயங்காலங்கள் எப்படிப் போகின்றன என்று உன்னிடம் சொன்னதில்லை.

உன் கல்யாணத்தன்று எடுக்காத படம் ஒன்று உண்டு. பந்தி முடிந்து, ஹாலில் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தார்கள். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. பிரியாணி மணத்துக்கு ஒதுங்கி ஓரமாக உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ கல்யாணப் புடவையோடு ஒரு தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாய். உள்ளே எலுமிச்சஞ்சாதமும் தயிர்சாதமும்.

"மைலாப்பூர் மெஸ்ல சொல்லி வாங்கினது. அண்டா பக்கமே போகல, பயப்படாம துன்னு."

எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாய். மாப்பிள்ளை வீட்டார் படத்துக்கு நிற்கக் கூப்பிட்டார்கள். "போட்டோக்காரியே இங்க சாப்பிடறா, அங்க யாரு எடுக்கப் போறாங்க?" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தாய். நான் கடைசிக் கவளத்தை விழுங்கும்வரை நீ எழுந்திருக்கவில்லை.

இப்போதும் எப்போதாவது கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது பழகிவிட்டது. கடைசிப் பந்தியில் தனியாக உட்காரும்போது, பக்கத்து நாற்காலியில் கேமராப் பையை வைத்துக்கொள்கிறேன். "இங்க யாராவது வராங்களாம்மா?" என்று பரிமாறுகிறவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அந்த இடத்துக்கும் ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள்.