அம்மா தானே படித்த பக்கம்

ஸ்ஃபாக்ஸ், துனிசியா,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஹஸ்னாவுக்கு அப்பா எழுதுவது. இறைவன் அருளால் நானும் அம்மாவும் நலம், உன் உடம்பும் மனமும் தேற ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். மொன்றியாலிலிருந்து நீ அனுப்பிய மின்புத்தகக் கருவி வந்து சேர்ந்தது. கைபேசித் திரையைப் பார்த்தாலே கண் கூசி நீர் கொட்டுகிற அம்மாவுக்கு இன்னொரு திரை எதற்கு என்று நான்தான் அலட்சியமாகச் சொன்னேன். எதிர்வீட்டு ராதியா விடவில்லை, "நீதிபதியா இருந்தப்பவும் சாட்சியக் கேக்காமலேதான் தீர்ப்பு எழுதுனீங்களா மாமா?" என்று சிரித்துக்கொண்டே, பக்கத்துக்கு எட்டே வரி வரும்படி எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைத் தணித்து, கொஞ்சம் மஞ்சளாக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா அதை நேரே மொட்டைமாடிக்கு எடுத்துப் போனாள். மிளகாய் காயும் அந்த வெயிலில் என் கைபேசி கறுத்துக் கண்ணாடியாகிவிடும், இதில் என்ன தெரியப்போகிறது என்று பின்னாலேயே போனேன். மகளே, வெயில் விழ விழ எழுத்து இன்னும் கறுப்பாகத் துலங்கியது, இப்போதுதான் மையில் எழுதியது போல. ஐந்து வருடமாக எந்த எழுத்திலும் நிற்காத அவள் கண்கள் அரபு வரிகளில் வலமிருந்து இடமாகத் தாமாகவே ஓடின.

பிறகுதான் அவள் படிப்பது எது என்று புரிந்தது, நீ அதில் ஏற்றி வைத்திருந்த, நான் இதுவரை அவளுக்குப் படித்துக் காட்டிவந்த உன் பழைய கடிதங்கள். ஹஸ்னா, நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ கருவுற்றதையும் அது மூன்றாம் மாதமே கலைந்ததையும் எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை, தாங்கமாட்டாள் என்று தாண்டிவிட்டேன். அம்மா போனில் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நீ மனம் உடைந்து எழுதியதையும் தாண்டினேன். தப்பு என்னுடையது, அவளுடையது அல்ல.

அவள் கருவியை மடியில் வைத்துவிட்டு, "எம் பொண்ணு அழுதத எனக்குச் சொல்லாம இருக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்றாள். பிறகு அவளே என் கையைப் பிடித்து, "இத்தனை மாசமா இத ஒத்தையிலயா சுமந்தீங்க?" என்றாள். அந்த எட்டு வரி வெளிச்சத்தைக் கண்டு வியந்தவன், அப்புறம் இவளைக் கண்டுதான் இன்னும் வியந்தேன்.

குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, அனுப்பியிருக்கும் வறுத்த பார்லி மாவை ஆலிவ் எண்ணெயில் குழைத்துச் சாப்பிடு. இறைவன் உன்னைக் காக்கட்டும். போனில் பேசினால் அழுதுவிடுவாளாம், அதனால் பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே கோணலாக இருப்பது அவள் கையெழுத்து.

உன் அப்பா,
தீஜானி

மகளே, மூன்று தடவை படித்துவிட்டேன், நானே. விசாவுக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. உன் பக்கத்தில் இருக்க வருகிறேன். அம்மா.