வெள்ளிக்கிழமைக் கடிதம்

ஆழ்வார்பேட்டை
9 ஜூன் 1933

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ரங்கூனிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பாதே என்றாய், நிறுத்திவிட்டேன். இப்போது படிப்பையே நிறுத்து என்கிறாய். அதற்கு வேறு ஆளைப் பார்.

உன் மகள் சகினாவுக்கு இந்த வருஷம் முழுதும் வீட்டில்தான் படிப்பு. மயிலாப்பூரிலிருந்து ஜெயலக்ஷ்மி டீச்சரம்மா வாரம் மூன்று நாள் வருவார். மழைக்காலத்துக்குள் கணக்கு, நோன்புக்குள் பூகோளம். வெள்ளிக்கிழமைதோறும் யார் துணையும் இல்லாமல் அவளே ஒரு கடிதம் எழுத வேண்டும். அது நான் சேர்த்த பாடம்.

பள்ளிவாசலில் ஷரஃபுதீன், “இன்னா பாய், வூட்லயே இஸ்கூல் நடத்திக்கினு கீறியாமே?” என்று சிரித்தான். “ஒண்ணாங் கிளாஸ் காலியா கீது, நீயும் வா” என்றேன்.

என் மகள் ஹாஜிராவை எழுதப் பழகுமுன்பே நிறுத்தினோம். அப்போதும் நீதான் சொன்னாய். புகுந்த வீட்டிலிருந்து மாதாமாதம் “நலமாக இருக்கிறேன்” என்று கடிதம் வந்தது. எல்லாம் அவள் மாமனார் கையெழுத்து. அவள் இறந்த செய்தியோடு கடைசியாக வந்த கடிதமும் அவர் எழுதியதுதான். அதைப் பற்றி வேறொன்றும் எழுதமாட்டேன்.

இதற்குப் பதில் எனக்கு வேண்டாம். படிப்பு வேண்டாமென்று சொல்வதானால் சகினாவுக்கே எழுது. அவள் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பதில் போடுவாள்.

கோபம் தீராத உன் அண்ணன்