ஒரே ஒரு கார்

என்னங்க,

கதவைத் தட்டித் தட்டிக் கை மரத்துப்போச்சு. அதான் எழுதி உள்ளே தள்ளுறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னாடி, எதிர்காலத்துக் கார்னு கண்காட்சிக்காக நீங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சீங்க. பார்த்தவங்க வாயடைச்சு நின்னாங்க. விற்பனைக்கு வரவே இல்லை. இப்ப "இடத்தை அடைக்குது, நசுக்கிடுங்க"ன்னு கம்பெனி சொல்லிடுச்சு. அதுக்காகப் பட்டறையைப் பூட்டிக்கிட்டு காருக்குள்ள உட்கார்ந்துக்கிட்டா எப்படி?

மேனேஜர்கிட்ட கால்ல விழாத குறையா கெஞ்சினேன். "அவரை வெளியே வரச் சொல்லுங்கம்மா, மேலிடத்து உத்தரவு"ங்கறார். கிரேன் வாசலுக்கு வந்தாச்சு.

அந்தக் காரைச் சக்களத்தின்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்! இப்ப அவளுக்காகக் கிரேன் முன்னாடி நானே உட்காரப்போறேன்.

நெஞ்சுவலி மாத்திரையை வீட்டிலேயே விட்டுட்டீங்க. இதோட சேர்த்துத் தள்ளியிருக்கேன்.

பேசக்கூட வேண்டாங்க. ஒரே ஒரு தடவை ஹாரன் அடிங்க. காதைக் கதவுல வச்சுக்கிட்டு நிக்கிறேன்.

உங்க வீட்டுக்காரி